கார்னருக்கு ஒரு குலவை

செர்லாய்க் கல்லூரியின் கால்பந்து மைதானத்தில் சத்தத்துக்குக் குறைவு இருந்ததில்லை. வடக்குப் படிக்கட்டில் பழைய மாணவர்கள் இரண்டு செண்டையும் இலத்தாளம் என்ற வெண்கலத் தாளமும் கொண்டுவந்து உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுக்குக் கீழே முதலாண்டுப் பிள்ளைகள் காலிப் பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பார்கள். தண்ணீர்ப் பாட்டிலில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிறவர்கள் உண்டு. யாராவது ஒருவர் ‘ஆர்ப்போ’ என்று இழுத்தால் முந்நூறு பேர் ‘இர்ரோ’ என்று முடிப்பார்கள். இதெல்லாம் கொச்சியில் எந்த மைதானத்திலும் நடப்பதுதான்.

செர்லாயில் மட்டும் இன்னொன்று இருந்தது. தங்கள் கல்லூரிக்குக் கார்னர் கிடைத்துவிட்டால் செண்டை, வாளி, பாட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிவிடும். கார்னர் கொடிக்கம்பத்துக்குப் பின்னால், மதிலை ஒட்டி நிற்கும் துப்புரவுப் பணியாளர் சந்தனமாரி, தலையைச் சற்று நிமிர்த்தி ஒரு குலவை போடுவாள். ஒரே மூச்சு, பதினோரு நொடி. மலையாளப் பிள்ளைகள் அதைக் குரவை என்பார்கள். அது ஓய்ந்த பிறகுதான் பந்தை உதைப்பார்கள். உதைத்ததும் கூட்டம் வெடிக்கும். குலவை ஓயும் முன்பு பந்தை உதைத்தவர் இருபத்தொரு வருடத்தில் ஒருவரும் இல்லை.

சந்தனமாரி சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர்க்காரி. 1993-இல், பத்தொன்பதாம் வயதில், கொச்சி மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்த செல்லதுரையைக் கட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தாள். காலனியில் தமிழ்க் குடும்பங்கள் நாற்பத்தாறு. நடுவில் ஒரு மாரியம்மன் கோயில். அங்கே முளைப்பாரி எடுக்கும்போது முதல் குலவை இவளுடையதாகத்தான் இருக்கும். மற்றப் பெண்கள் இவளுக்குப் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தது 2004 ஜூனில்.

குலவை மைதானத்துக்கு வந்தது தற்செயல். அதே ஆண்டு அக்டோபர் 20, புதன்கிழமை, நவராத்திரி சமயம். ஆண்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. சந்தனமாரி மதிலோரம் மழைமரத்துச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தாள். செர்லாய்க்குக் கார்னர் கிடைத்தது. கோட்டுக்குள் வந்துவிட்ட கூட்டத்தை நடுவர் பின்னால் தள்ளிக்கொண்டிருந்ததால் ஒரு சின்ன அமைதி. சரியாக அந்த நேரம் மதிலுக்கு அப்பால் ரோட்டில் அம்மன் ஊர்வலம் போனது. இவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, பழக்கத்தில் ஒரு குலவை போட்டாள். பந்தை வைத்துக்கொண்டு நின்ற பையன் திகைத்துப்போய், சத்தம் ஓயும்வரை காத்திருந்து உதைத்தான். கோல்.

பத்து நிமிடம் கழித்து அடுத்த கார்னர். மைதானம் முழுவதும் திரும்பி இவளைப் பார்த்தது.

“சேச்சீ, ஒண்ணுகூடி!”

“ஊர்கோலம் போயிருச்சேப்பா” என்றாள் சந்தனமாரி.

“போனாப் போட்டே சேச்சி. இது பந்துக்கு!”

போட்டாள். அன்று முதல் வழக்கமாகிவிட்டது. அதற்குக் கூலி என்று எதுவும் வாங்கியதில்லை. இடைவேளையில் ஒரு சாயா, ஒரு பழம்பொரி; அவ்வளவுதான்.

உடற்கல்வி ஆசிரியர் சேவியர் தம் ஆட்டப் பதிவேட்டில் கார்னர்களுக்கு ஒரு தனிப் பத்தி வைத்திருந்தார். அதன்படி, 2025 நவம்பர் தொடக்கம்வரை சந்தனமாரி குலவை போட்ட கார்னர்கள் 388. அவற்றில் கோலானவை 19. குலவை இல்லாத மைதானங்களில் செர்லாய்க்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நம்புகிறவர் யார்? கோலான பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆள் இருந்தது; மற்றதை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2005-இல், சந்தனமாரிக்கு ஒரே பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தையைப் பார்த்துவிட்டு “அம்பிளி மாதிரி இருக்கு” என்றாள். அம்பிளி என்றால் நிலா. அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அம்பிளிக்குத் தமிழ் பேசவரும், எழுதவராது. நல்ல உயரம். பள்ளியிலேயே கோல்கீப்பராக நின்றாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கொடுத்தது இடப்பள்ளியில் உள்ள ஒரு கல்லூரி. செர்லாயில் அந்த வருடம் பெண்கள் அணியே கிடையாது.

இப்போது இரண்டு இடத்திலும் பெண்கள் அணி. 2025 நவம்பர் 15, சனிக்கிழமை, லீக் ஆட்டத்தில் இடப்பள்ளி செர்லாய்க்கு வந்தது. அவர்கள் தங்கள் வழக்கப்படி பழைய தனியார் பஸ் ஒன்றின் ஏர் ஹாரனையும் அதற்கு ஒரு பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முப்பத்துநாலாவது நிமிடம் செர்லாய்க்குக் கார்னர். மைதானம் அடங்கியது. சந்தனமாரி குலவை போட்டாள். தன் மகள் கோலில் நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கார்னர் கார்னர்தான்.

செர்லாய்க் கேப்டன் ஸுப்ரியா உதைத்த பந்து உயரமாகக் கோலுக்கு நேரே வந்தது. அம்பிளி கைகளைத் தூக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பந்து அவள் தலைக்கு மேலே ஓர் அடி இடைவெளியில் உள்ளே போனது.

நிற்கத் தெரிந்த வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. அம்மா குலவை போட்டால் சாமி வருகிறது. கண்ணை மூடிக் கும்பிட வேண்டும். மாரியம்மன் கோயில் வாசலில் இத்தனை வருடமும் அப்படியே செய்திருக்கிறாள். கை தானாக எழுந்துவிட்டது.

வடக்குப் படிக்கட்டுக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆனது. புரிந்ததும், கும்பிட்டுக்கோ மகளே என்று வாளித் தாளத்தோடு பாட்டே கட்டிவிட்டார்கள். “தொழுதோ மோளே தொழுதோ! தொழுதோ மோளே தொழுதோ!” ஆட்டம் முடியும்வரை அதுதான். இடப்பள்ளி ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றது. சொந்த அணிக்காரிகளே மறுநாள் முதல் அம்பிளியைச் ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள்.

இரண்டு அணியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. டிசம்பர் 13, அதே மைதானம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அன்று வருகிறார்கள் என்று தெரிந்தது. கோல்கீப்பர் இடம் இரண்டு. கணக்கில் இருந்தவர்கள் மூன்று பேர், அதில் அம்பிளி ஒருத்தி. பல்கலைக்கழக அணிச் சான்றிதழ் கிடைத்தால் ரயில்வேக்கும் போலீசுக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடலாம். கிடைக்காவிட்டால் மூன்றாம் ஆண்டு பி.காம். மட்டும்தான் மிச்சம்.

“அம்மா, அன்னைக்கு நீ வரண்டா” என்றாள் அம்பிளி. “காலப் பிடிக்கேன். வராத.”

“நான் வந்தா என்னட்டி? நீ கைய மேல தூக்கு. நான் என்ன உன் கையப் பிடிச்சா கட்டி வச்சேன்?”

“என் கை எனக்குக் கேக்கல. அதான் பறயுறேன்.”

செல்லதுரை பாயில் படுத்திருந்தவாறே சொன்னான்: “உங்கம்மா குலவைக்கு எனக்கே கை தூக்கிரும். முப்பத்திரெண்டு வருசமா கும்பிட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“ஆமா, நீங்க கும்பிட்டுக் கிழிச்சீங்க” என்றாள் சந்தனமாரி. ஆனால் மறுநாள் காலையில் சேவியரிடம் போய்ப் பதிமூன்றாம் தேதிக்கு லீவு கேட்டாள்.

சேவியர் கண்ணாடியைக் கழற்றினார். “லீவு எடுத்தோ சந்தனம். பக்ஷே காரியமில்ல. பிள்ளேர் உன் குரவையைப் போன்ல பிடிச்சு வச்சிருக்கு. நீ வரலைன்னா ஸ்பீக்கர்ல போடும். ரெண்டு ஆள் உசரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வாடகைக்குச் சொல்லியாச்சு.”

ஸ்பீக்கர் விவகாரம் வீட்டுக்கும் வந்தது. பிறகு சந்தனமாரிதான், “அப்பம் ஒரே வழிதான் இருக்கு. பந்தை எடுத்துட்டு மேல வா” என்றாள்.

டிசம்பர் 1 முதல் 11 வரை, தினமும் மாலை ஐந்தரைக்குக் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் பயிற்சி நடந்தது. சந்தனமாரி குலவை போட்டுக்கொண்டே பந்தை எறிவாள். தொடக்கத்தில் எறிவாள், நடுவில் எறிவாள், ஓய்ந்து நாலு நொடி கழித்தும் எறிவாள். முதல் நாள் இருபது எறிதலில் ஒன்பது முறை அம்பிளியின் கை கும்பிட்டது. இரண்டு பந்து மூக்கில் பட்டது. ஐந்தாம் நாள் கும்பிடு மூன்றாகக் குறைந்தது. எட்டாம் நாளுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி ஒரு தட்டில் சர்க்கரையும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடிக்கு ஏறிவந்தாள்.

“ஏ சந்தனம், மூணு நாளா குலவை கேக்கு. சொல்லாமக் கொள்ளாம நிச்சயத்த முடிச்சிட்டியே! மாப்பிள்ளை எந்த ஊரு, வைப்பினா?”

“மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இவளுக்குப் பந்து பிடிக்கப் படிப்பிக்கேன்.”

“பந்து பிடிக்கவா குலவை? அம்மன் கேட்டா நாக்க அறுத்துப்போடும்ட்டி.”

“அம்மனுக்குப் போட்டது அம்மனுக்கு. இது பந்துக்கு. சர்க்கரையை வச்சிட்டுப் போ, சாயாவுக்கு ஆகும்.”

அதற்குள் சேதி கும்பளங்கிவரை போயிருந்தது. அங்கிருந்த செல்லதுரையின் அக்காள் போன் செய்து, தனக்கு மட்டும் சொல்லாமல் தேதி குறித்துவிட்டார்களே என்று அழுதாள். செல்லதுரை நிதானமாகப் பதில் சொன்னான்: “டிசம்பர் பதிமூணு, மத்தியானம் மூணரை மணி. ரெண்டு வீட்லயும் பதினோரு பேருதான். நீயும் வந்துரு.”

ஆட்டத்துக்கு முந்தின நாள் ஸுப்ரியா சந்தனமாரியைத் தேடி வந்தாள். செர்லாயிலேயே பிறந்து வளர்ந்த கொங்கணிப் பெண். சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

“சேச்சி, நாளைக்கு மோளுக்கு வேண்டி குரவையைக் குறைக்கும்னு பிள்ளேர் பறயுது.”

“குறைக்க மாட்டேன். எல்லாக் கார்னருக்கும் முழுசா வரும். போதுமா?”

“ப்ராமிஸ்?”

“மாரியாத்தா மேல.”

ஸுப்ரியா திருப்தியாகப் போய்விட்டாள். நீட்ட மாட்டேன் என்றும் ஒரு சத்தியம் வாங்க அவளுக்குத் தோன்றவில்லை. சந்தனமாரிக்கும் அப்போது அது தோன்றவில்லை.

இறுதி ஆட்டத்தன்று படிக்கட்டில் இடமில்லாமல் மதில்மேலும் ஆட்கள் இருந்தார்கள். சந்தனமாரி லீவு எடுக்காமல் வந்துவிட்டதால் ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்பியாயிற்று. இடப்பள்ளிக்காரர்களிடம் அம்பிளி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்: குலவை நேரத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது, தனக்கு அது தெளிவாகக் கேட்க வேண்டும். தேர்வாளர்கள் இரண்டு பேர் மேற்குப் பக்கம் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் கோட்டயத்துக்காரர்; இந்த மைதானத்துக்குப் புதியவர்.

முதல் கார்னர் பதினெட்டாவது நிமிடம். குலவை எழுந்ததும் வடக்குப் படிக்கட்டு எட்டிப் பார்த்தது. அம்பிளியின் கை கும்பிடவில்லை. பந்து வந்ததும் முன்னால் வந்து குத்தி வெளியே தள்ளினாள். கட்டிவைத்த பாட்டு பாடப்படாமல் போயிற்று. அடுத்த நான்கு கார்னர்களும் அப்படியே. இரண்டைப் பிடித்தாள், ஒன்றைக் குத்தினாள், ஒன்று வெளியே போனது. ஐந்துக்கும் குலவை முழுதாக, பதினோரு நொடி வந்தது. அறுபத்திரண்டாவது நிமிடம் இடப்பள்ளி ஒரு கோல் போட்டது. ஏர் ஹாரன் பேட்டரி சூடாகும்வரை அடித்தது.

எண்பத்தெட்டாவது நிமிடம் ஸுப்ரியா பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து பலமாக ஒரு பந்து அடித்தாள். அம்பிளி வலப்பக்கம் பாய்ந்து விரல்நுனியால் அதைத் தள்ளிவிட்டு, கோல் கம்பத்தில் தோள் மோதி விழுந்தாள். ஆறாவது கார்னர்.

விழுந்தவள் முழங்காலில் எழுந்து உட்கார்ந்து கையுறையின் பட்டையைச் சரிசெய்யத் தொடங்கினாள். கையைத் தூக்கி உதவி கேட்கவில்லை. கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். பந்தலில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டையைத்தான் சரிசெய்கிறாள் என்று நடுவர் எண்ணிக்கொண்டார். மைதானம் அடங்கியது.

சந்தனமாரி நின்ற இடத்துக்கும் கோல் கம்பத்துக்கும் முப்பது மீட்டர்கூட இல்லை. கையுறைப் பட்டையை இழுத்து ஒட்ட இரண்டு நொடி போதும் என்று அவளுக்குத் தெரியும். வலக்கை தோளிலிருந்து தொங்குவதையும் பார்த்தாள். அந்தக் கை மேலே வரவில்லை. அவள் குலவையைத் தொடங்கினாள்.

பத்து நொடி ஆனதும் வடக்குப் படிக்கட்டு வழக்கம்போல மூச்சை இழுத்துக்கொண்டது. பதினொன்றில் குலவை ஓயவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று. முளைப்பாரியில் பத்துப் பெண்கள் மாறி மாறி நீட்டுவதை இவள் ஒற்றை ஆளாக, மூக்கால் சிறிது காற்றை இழுத்து, அறுந்துவிடாமல் நீட்டினாள். குரல் மெலிந்து மேலே போயிற்று. கொடிக்கம்பத்தருகே ஸுப்ரியா பந்துக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒருமுறை திரும்பிச் சந்தனமாரியைப் பார்த்தாள். பிறகு கோலைப் பார்த்தாள். கால் நகரவில்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விசில் வாய்க்குப் போனது. பதினேழாவது நொடியில் அம்பிளி எழுந்து நின்றாள். வலக்கையை ஒருமுறை சுழற்றினாள். குலவை ஓய்ந்தது.

ஸுப்ரியா உதைத்தாள். பந்து இரண்டாவது கம்பத்தை நோக்கி வளைந்தது. அம்பிளி நாலு பேர் தலைக்கு மேலே எழுந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். மூன்று நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்குச் சைபர், இடப்பள்ளி.

தோற்ற வருத்தத்திலும் செர்லாய்ப் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை மிச்சமிருந்தது. இவ்வளவு நீளமான குலவை மைதானத்தில் விழுந்ததே இல்லை. வடக்குப் படிக்கட்டில் ஒருவன் எடுத்த வீடியோவில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சரியாகப் பத்தொன்பது நொடி. அணியைத் தூக்கிவிட சேச்சி உயிரைக் கொடுத்துப் பார்த்தாள் என்று எழுதிப் பரப்பினார்கள். சேவியர் பதிவேட்டில் 19 நொடி என்று எழுதி அடிக்கோடிட்டார். காரணம் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, வகுப்பு தொடங்கும் முன், ஸுப்ரியா மைதானத்துக்கு வந்தாள். சந்தனமாரி பழம்பொரிக் காகிதங்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“சேச்சி, லாஸ்ட் குரவை பத்தொன்பது செக்கண்டு.”

“ம்.”

“அம்பிளிக்கு வேண்டியா?”

சந்தனமாரி துடைப்பத்தை மதிலில் சாய்த்துவைத்தாள். “ஆமா மோளே. கை மேல வரல. கண்டுட்டேன். கண்ட பெறகு நிறுத்த முடியல.”

“நானும் கண்டு.”

“கண்டியா? அப்பம் ஏன் நின்னே? பாதியிலயே அடிச்சிருந்தா கோலுதான. உன்னை யாரு தடுத்தா?”

ஸுப்ரியா அவளை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “குரவை தீர்ந்தில்லல்லோ சேச்சி.”

சந்தனமாரி துடைப்பத்தை மறுபடி எடுத்தாள். பிறகு கேட்டாள்: “கோவமா?”

“உண்டு. நல்லோணம் உண்டு. எங்க கப்பு அது.” ஸுப்ரியாவின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “இனி அம்பிளி வர்ற மேட்சுக்குச் சேச்சி வேண்டா. ஸ்பீக்கரும் வேண்டா. நாங்க சும்மா அடிச்சோளாம். மத்த மேட்சுக்கு வா.”

“சரி” என்றாள் சந்தனமாரி. “அது ஞாயம்.”

வியாழக்கிழமை, டிசம்பர் 18, பல்கலைக்கழக அணியின் பட்டியல் வந்தது. இருபது பெயர். ஒன்பதாவது ஸுப்ரியா. பத்தொன்பதாவது, இரண்டாம் கோல்கீப்பர், அம்பிளி. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது சந்தனமாரி கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். செல்லதுரை போனில் கும்பளங்கிக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தான். “ஆமாக்கா, பொண்ணைப் பிடிச்சுப் போச்சாம்!” என்று கத்தினான்.

அம்பிளி தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“செலக்டர் என்ன பறஞ்சாரு தெரியுமா? லாஸ்ட் கார்னர்ல நான் அவசரப்படாம, நல்லா டைம் எடுத்துத் தயாராகிட்டு நின்னேனாம். அந்த நிதானத்துக்குத்தான் எடுத்தோம்னாரு.”

“ம்.”

“நிதானம்! தோள் மரத்துப்போய்க் கிடந்து. நீ நிறுத்தியிருந்தா பந்து உள்ள.” அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். “ஏம்மா நிறுத்தல?”

“மூச்சு இருந்துச்சு. போட்டேன்.”

“ஸுப்ரியாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். நானும் சொல்லிட்டேன். இனி உன் மேட்சுக்கு நான் வேண்டாமாம்.”

ஜனவரி ஐந்தாம் தேதி தொடங்கும் அணி முகாமில் அம்பிளியும் ஸுப்ரியாவும் பதினெட்டு நாள் ஒரே அறையில் இருக்க வேண்டும்.

“நான் அவகிட்ட என்ன பறயணும்?” என்றாள்.

“எனக்குத் தெரியலட்டி. மொதல்ல நீ போய் அவ முகத்துல முழி. அங்கருந்து பாத்துக்கலாம்.”

சந்தனமாரி கையைக் கழுவிவிட்டு வந்து, தைலக் குப்பியைத் திறந்தாள். அம்பிளி சட்டையின் தோளை இறக்கிக்கொண்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். தோளில் கம்பம் பட்ட இடம் இன்னும் கருநீலமாக, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.